காரின் முன்கண்ணாடியைப் பிடித்திருப்பது எது?

மழைக்காலத்தில் பழைய அம்பாசடர் கார் ஒன்றின் முன் இருக்கையில் அமர்ந்து பயணம் செய்திருக்கிறீர்களா? வெளியே மழை கொட்டுகிறது. துடைப்பான்கள் இருபுறமும் ஆடிக் கொண்டிருக்கின்றன. சிறிது நேரத்தில் உங்கள் முழங்காலின் மேல் ஒரு சொட்டு நீர் விழுகிறது. பிறகு இன்னொரு சொட்டு. ஓட்டுநர் ஒரு பழந்துணியை எடுத்துக் கண்ணாடியின் கீழ் மூலையில் செருகுகிறார். "பீடிங் போயிடுச்சு சார்" என்கிறார்.

பட்டறைகளில் "பீடிங்" என்று அழைக்கப்படும் அந்தக் கறுப்பு இரப்பர் பட்டையைப் பலரும் கவனிப்பதில்லை. காரின் இயந்திரத்தைப் பற்றியும் சக்கரங்களைப் பற்றியும் எத்தனையோ நூல்கள் உள்ளன. கண்ணாடியைச் சுற்றியுள்ள இரப்பரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பழைய கார்களைப் புதுப்பிப்போரைக் கேட்டுப் பாருங்கள். பல கார்கள் இயந்திரம் பழுதுபட்டதால் அழிவதில்லை. கண்ணாடி ஓரத்தில் நீர் புகுந்து எஃகு உடல் துருப்பிடித்துப் போவதால்தான் அழிகின்றன என்பார்கள்.

அந்த இரப்பர் எப்படி அங்கு வந்தது? அதன் மேலுள்ள பளபளப்பான உலோகப் பட்டை எதற்காக? இரப்பர் கெட்டுவிட்டால் அதை எப்படி மாற்றுவது? இவற்றை வரிசையாகக் காண்போம்.

கண்ணாடி இல்லாத கார்கள்

முதல் கார்களில் முன்கண்ணாடியே இல்லை. அவை குதிரை வண்டியைப் போன்றவை, வேகமும் குறைவு. ஓட்டுபவர் காற்றையும் புழுதியையும் தடுக்கக் கண்ணுக்குக் கவசம் அணிந்து கொண்டார். வேகம் கூடியதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓட்டுநருக்கு முன்னால் ஒரு தட்டையான கண்ணாடியை நிறுத்தி வைக்கலாயினர். அது வீட்டுச் சன்னல் கண்ணாடியைப் போன்ற சாதாரணக் கண்ணாடிதான். பித்தளைச் சட்டத்தில் அதைப் பொருத்தி, சட்டத்தைத் திருகாணிகளால் காரின் உடலோடு இணைத்தனர். பல கார்களில் அது இரண்டு துண்டுகளாக, வேண்டும்போது மடக்கக் கூடியதாக இருந்தது.

அந்நாளில் பெரும்பாலான கார்கள் மேலே திறந்தவை. அமெரிக்காவில் 1919இல் விற்ற கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மூடிய கார்கள். 1927இல் அது 85 விழுக்காடாக உயர்ந்தது. எட்டே ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த மாற்றத்தால் கண்ணாடியின் நிலையும் மாறிவிட்டது. முன்பு அது காற்றைத் தடுக்கும் ஒரு தனித் தகடு. இப்போது எஃகினால் ஆன ஓர் அறையின் சுவரில் ஒரு பகுதி. மழை உள்ளே வரக் கூடாது; காற்று ஊளையிடக் கூடாது; கண்ணாடி கிலுகிலுவென்று ஆடவும் கூடாது. கண்ணாடியைக் காரின் உடலோடு எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி இப்போதுதான் உண்மையாகவே எழுந்தது.

உடைந்தாலும் சிதறாத கண்ணாடி

இதற்கிடையே வேறொரு கொடுமை நிகழ்ந்து கொண்டிருந்தது. விபத்தில் சாதாரணக் கண்ணாடி உடைந்தால், அது கத்தி போன்ற நீண்ட துண்டுகளாகச் சிதறும். மோதலில் தப்பியவர்கள் கண்ணாடியால் முகத்திலும் கழுத்திலும் வெட்டுப்பட்டனர்.

பிரான்சைச் சேர்ந்த எடுவார் பெனெடிக்டஸ் என்பவர் 1903இல் தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தவறிக் கீழே போட்டார். குடுவையில் விரிசல் கண்டதே தவிர, துண்டுகள் சிதறவில்லை. அதில் முன்பு வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட்டுக் கரைசல் உலர்ந்து, உட்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது. கார் விபத்துகளில் கண்ணாடியால் காயமுற்றவர்களைப் பற்றிய செய்திகள் அந்தக் குடுவையை அவருக்கு நினைவூட்டின என்பர். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அந்தப் பொருளை வைத்து ஒட்டினார். 1909இல் காப்புரிமை பெற்றார். மூன்று அடுக்குகள் கொண்டதால் அதற்கு "டிரிப்ளெக்ஸ்" என்று பெயர்.

முதல் உலகப் போரில் நச்சுக் காற்றுக் கவசங்களின் கண் வில்லைகளுக்கு இக்கண்ணாடி பயன்பட்டது. 1927ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஃபோர்டு "மாடல் ஏ" காரில் அடுக்குக் கண்ணாடி முன்கண்ணாடியாகவே பொருத்தப்பட்டு வந்தது. ஆனால் செல்லுலோஸ் படலத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. வெயிலில் அது மஞ்சளாகும். மேலும், ஓரத்தின் வழியே ஈரம் புகுந்தால் அடுக்குகள் பிரிந்து, கண்ணாடி பால்போல் வெளுக்கும். பாலிவினைல் பியூட்டிரால் என்னும் நெகிழ்ந்த படலம் 1930களின் பிற்பகுதியில் வந்த பிறகே முதற்குறை நீங்கியது. ஓரத்தை ஈரத்திலிருந்து காக்கும் பொறுப்பு மட்டும் சுற்றியுள்ள இரப்பரிடமே இருந்தது.

மற்றொரு வகை, சூடேற்றித் திடீரெனக் குளிர்விக்கப்பட்ட உரமூட்டிய கண்ணாடி. பிரான்சின் தெ லா பஸ்தீ 1874இலேயே இதற்கு வழி கண்டார். இது உடைந்தால் கூர்மையற்ற சிறு மணிகளாக உதிரும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் நெடுங்காலம் இவ்வகையே முன்கண்ணாடியாக இருந்தது. இதன் வலிமை முழுவதும் மேற்பரப்பின் அழுத்தத்தில் உள்ளது. ஓரத்தில் ஒரு சிறு அடி பட்டாலும் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் மணிகளாகிவிடும். இதை நினைவில் வையுங்கள். கண்ணாடியைக் கழற்றும்போது தேவைப்படும்.

எஃகும் கண்ணாடியும்

கண்ணாடியை நேரடியாக எஃகோடு சேர்த்தால் என்ன? இரண்டும் வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரிவதால் கண்ணாடி உடைந்துவிடும் என்று சிலர் சொல்வர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கண்ணாடியும் எஃகும் 40 பாகை செல்சியஸ் சூடேறினால், அவற்றின் விரிவில் உள்ள வேறுபாடு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. இது சிறு அளவுதான்.

பெரிய காரணம் வேறு. கார் ஒரு மேட்டில் ஏறும்போது அதன் ஒரு சக்கரம் மட்டும் உயர்கிறது. அப்போது காரின் உடல் முழுவதும் சற்றே முறுகுகிறது. காலியான தீப்பெட்டியின் உறையை இரு கைகளாலும் திருகிப் பாருங்கள். செவ்வகமாக இருந்த வாய் சாய்சதுரமாக மாறும். காரின் சன்னல் திறப்பும் இப்படியே ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் உருமாறுகிறது. எஃகு இதைத் தாங்கும், வளைந்து மீளும். கண்ணாடியோ வளைய மறுத்து உடையும். ஆகவே இரண்டுக்கும் நடுவில், இறுகப் பிடிக்கவும் வேண்டும், சற்று இடம் கொடுக்கவும் வேண்டும் என்ற நிலையில் ஒரு பொருள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு இரப்பரே ஏற்றதாக அமைந்தது.

பால் மரத்திலிருந்து சன்னலுக்கு

பச்சை இரப்பர் இந்த வேலைக்கு உதவாது. அது வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகம் கலந்த இரப்பரைத் தற்செயலாகச் சூடான அடுப்பில் பட வைத்தபோது, அது உருகாமல் பதப்பட்ட தோல்போல் ஆனதைக் கண்டார். கந்தக அணுக்கள் இரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆங்காங்கே குறுக்கே பிணைத்துவிடுகின்றன. அதனால் இழுத்துவிட்டால் மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் இதே முறைக்கு 1843இல் காப்புரிமை கோரினார். குட்இயர் அமெரிக்கக் காப்புரிமையை 1844இல் பெற்றார். ஆனால் வழக்குகளிலேயே காலம் கழிந்து, 1860இல் பெருங்கடனோடு இறந்தார். பின்னாளில் அவர் பெயரைத் தாங்கி எழுந்த டயர் நிறுவனத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் தொடர்பில்லை.

1876இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. அவற்றில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இரப்பர் மரம் பரவியது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் காடழித்துக் கன்று நட்டவர்களிலும், விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களிலும் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற கூலித் தொழிலாளர்கள். மரத்தில் கட்டிய சிறு கிண்ணத்தை அவர்கள் "மங்கு" என்றனர். அந்த மங்குகளில் வடிந்த பால்தான் உறைந்து, தாளாகி, கப்பலேறி, உலகக் கார்களின் டயராகவும் சன்னல் பட்டையாகவும் ஆயிற்று.

சன்னல் பட்டையை எப்படிச் செய்கிறார்கள்? முறுக்கு அச்சில் மாவைப் பிழிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அச்சின் துளை எந்த வடிவமோ, அந்த வடிவமே முறுக்கின் வெட்டுமுகமாகிறது. கந்தகமும் கரியும் கலந்த இரப்பரையும் இவ்வாறே ஒரு துளையின் வழியே நீளமாகத் தள்ளி, சூட்டில் பதப்படுத்துகிறார்கள். பட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இருபுறமும் இரண்டு காடிகள் தெரியும். தச்சர் பலகையில் காடி எடுப்பதைப் போன்ற பள்ளங்கள் அவை. ஒரு காடியில் கண்ணாடியின் ஓரம் அமரும். மற்றொன்றில் காருடைய எஃகுத் தகட்டின் விளிம்பு அமரும். காடிகளின் கரைகளை உதடுகள் என்று சொல்லலாம். திருகாணி இல்லை, பசை இல்லை. இரப்பர் தன் நெகிழ்ச்சியால் இரண்டையும் கவ்விக் கொண்டிருக்கிறது.

பட்டை அணியா, பூட்டா?

நெகிழும் பட்டை கிடைத்ததும் கண்ணாடி பெரிதாகத் தொடங்கியது. 1934இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் விலையுயர்ந்த "இம்பீரியல் ஏர்ஃப்ளோ" கார்களுள் ஒன்றில் ஒரே துண்டான வளைந்த முன்கண்ணாடியை வைத்தது. ஆனால் வளைந்த கண்ணாடிக்கு விலை அதிகம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் மைனர், நடுவில் ஒரு கம்பியோடு இரண்டு தட்டையான கண்ணாடிகளையே கொண்டிருந்தது. ஒற்றை வளைந்த கண்ணாடி அதற்கு 1956இல்தான் கிட்டியது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் "பீட்டில்" காரிலும் பின் சன்னல் 1953 வரை இரு துண்டுகளாகவே இருந்தது.

அக்காலத்துக் கார்களில் இரப்பரின் மேல் ஒரு வெள்ளிக் கோடுபோல் உலோகப் பட்டை ஓடுவதைப் பார்க்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் தோன்றினாலும் மூன்று வகைகள் உள்ளன. பழைய காரைத் தொடுமுன் அது எவ்வகை என்று அறிய வேண்டும்.

முதல் வகை வெறும் அணி. பீட்டில் காரின் உயர் வகைகளில் இரப்பரின் வெளிப்புறத்தில் மெல்லிய அலுமினியப் பட்டை ஒரு சிறு காடியில் செருகப்பட்டிருக்கும். எளிய வகையில் அது இல்லை. ஆயினும் கண்ணாடி நின்றது. எனவே பட்டை கண்ணாடியைப் பிடிக்கவில்லை என்பது தெளிவு.

இரண்டாம் வகை பூட்டு. 1959இல் வந்த பிரிட்டனின் "மினி" காரில் இரப்பரின் முகத்தில் ஒரு நீண்ட காடி உண்டு. கண்ணாடி அமர்ந்த பிறகு அக்காடியில் ஒரு பட்டையைச் செருகுவர். அது ஆப்புப் போல இரப்பரை விரித்து, உதடுகளைக் கண்ணாடியின் மேலும் எஃகின் மேலும் அழுத்துகிறது. இதை உருவினால் இரப்பரின் பிடி தளர்ந்துவிடும்.

மூன்றாம் வகை திரை. அமெரிக்காவில் 1960களில் கண்ணாடியை இரப்பர் காடியில் வைக்காமல், ஒட்டும் பொருளால் எஃகின் மேல் நேராக ஒட்டும் முறை பரவியது. ஒட்டிய இடைவெளியை மறைக்க, சிறு கவ்விகளின் மேல் ஓர் உலோகப் பட்டையை அமர்த்தினார்கள். இங்கே பட்டையை நெம்பினால் கவ்வி உடையும். வளைந்த கொக்கி ஒன்றை உள்ளே விட்டுக் கவ்வியை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும்.

பிடிக்க வேண்டுமா, விட வேண்டுமா?

ஒட்டும் முறை ஏன் வந்தது? உற்பத்தி விரைவாகும் என்பது ஒரு காரணம். அதைவிட ஆழ்ந்த காரணம் ஒன்றும் உண்டு.

விபத்தில் பயணியின் தலை முன்கண்ணாடியில் மோதினால் என்ன ஆக வேண்டும்? 1948இல் அமெரிக்கரான பிரெஸ்டன் டக்கர் உருவாக்கிய காரில், மோதலின்போது முன்கண்ணாடி தானே கழன்று வெளியே விழும்படி அமைத்திருந்தனர். தலையில் கண்ணாடி குத்தாது என்பதால் அது பாதுகாப்பு என்று கருதப்பட்டது. அத்தகைய கார்கள் 51 மட்டுமே செய்யப்பட்டன.

பின்னர் விபத்துகளை ஆராய்ந்தவர்கள் இதற்கு மாறான முடிவுக்கு வந்தனர். கண்ணாடி கழன்ற திறப்பின் வழியே பயணிகளும் வெளியே தூக்கி எறியப்பட்டனர். காருக்குள் இருப்பவரைவிட வெளியே எறியப்படுபவர் இறக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே கண்ணாடி இடத்தை விட்டு நகரக் கூடாது; ஆனால் மோதும் தலைக்குச் சற்றே இடம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 1966 முதல் அடுக்குக் கண்ணாடியின் நடுப்படலம் இரு மடங்கு தடிப்பாக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டு முதல், மோதலில் முன்கண்ணாடி தன் இடத்தில் நிற்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பிற நாடுகளும் காலப்போக்கில் ஒட்டும் முறையையே மேற்கொண்டன. இன்றைய கார்களில் ஒட்டிய கண்ணாடி, உடலின் விறைப்புக்கும் துணை செய்கிறது.

பழைய காரின் இரப்பரை மாற்றுபவர் இதை மறக்கலாகாது. கவ்வும் ஆற்றல் இழந்த இரப்பர் மழையை மட்டும் உள்ளே விடுவதில்லை. மோதலின்போது கண்ணாடியையும் விட்டுவிடும்.

இரப்பருக்கு ஏன் முதுமை?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு இரப்பர் வளையங்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றை ஒரு புட்டியின் மேல் இழுத்து மாட்டுங்கள். மற்றொன்றைத் தளர்வாக அதனருகே போடுங்கள். இரண்டையும் வெளிக்காற்றும் வெயிலும் படும் இடத்தில் சில வாரங்கள் வைத்துவிடுங்கள். இழுத்து மாட்டிய வளையத்தில், இழுத்த திசைக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். தளர்ந்து கிடப்பது அவ்வாறு வெடிப்பதில்லை.

இதைச் செய்வது முதன்மையாகக் காற்றிலுள்ள ஓசோன். இயற்கை இரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உள்ளன. ஓசோன் அவற்றைத் தாக்கிச் சங்கிலியை அறுக்கிறது. இரப்பர் இழுபட்டிருந்தால் அறுந்த இடம் விரிந்து, உள்ளே புதிய பரப்பை ஓசோனுக்குக் காட்டுகிறது. சன்னல் பட்டை மிகுதியாக இழுபடுவது மூலைகளில். அதனால் அங்கேதான் வெடிப்பு முதலில் தோன்றுகிறது. ஓட்டுநர் பழந்துணி செருகியதும் மூலையில்தான். இரப்பரில் கலந்துள்ள கரி புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி ஓரளவு காக்கிறது. சன்னல் பட்டை கறுப்பாக இருப்பதற்கு அழகைத் தவிர இக்காரணமும் உண்டு.

அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் 1930இல் நியோப்ரீன் என்னும் செயற்கை இரப்பர் உருவாயிற்று. அது ஓசோனை இயற்கை இரப்பரைவிட நன்கு தாங்கியது. 1960களில் எத்திலீன், புரொப்பிலீன் ஆகியவற்றை இணைத்து ஆக்கிய வேறொரு வகை வந்தது. இதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லை. ஓசோன் கவ்வுவதற்கு அங்கே இடமில்லாததால் பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தாலும் வெடிப்பதில்லை. இன்று பழைய கார்களுக்கெனச் செய்யப்படும் நல்ல பட்டைகள் பல இவ்வகையே. பட்டை வாங்கும்போது அது எதனால் ஆனது என்று கேளுங்கள்.

மறைவில் வளரும் துரு

இரப்பர் விறைத்து வெடித்ததும், நீர் காடிக்குள் புகுகிறது. உள்ளே புகுந்த நீர் எளிதில் வெளியேறாது, காய்வதும் இல்லை. இங்கே ஒரு வியப்பான வேதியியல் நிகழ்கிறது. துருப்பிடிக்க ஆக்சிஜன் தேவை என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் காற்று நன்கு படும் இடத்தில்தானே துரு அதிகம் இருக்க வேண்டும்? உண்மை வேறு. ஒரே ஈரத்தின் ஒரு பகுதியில் ஆக்சிஜன் மிகுதியாகவும் மற்றொரு பகுதியில் குறைவாகவும் இருந்தால், இரண்டுக்கும் இடையே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அதில் ஆக்சிஜன் குறைந்த பகுதியே கரைந்து அரிக்கப்படுகிறது. கேம்பிரிட்ஜில் யூலிக் எவான்ஸ் என்னும் அறிஞர் 1920களில் இதை விரிவாக ஆராய்ந்தார். இரப்பரின் அடியில் மறைந்த விளிம்பு, ஆக்சிஜன் குறைந்த இடம். எனவே வெளியே வண்ணம் பளபளக்கும்போதே உள்ளே எஃகு கரைந்து கொண்டிருக்கும். உலோகப் பட்டையின் ஓரத்தில் வண்ணம் கொப்பளித்துத் தெரிந்தால், உள்ளே கேடு முற்றிவிட்டது என்று பொருள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

பீட்டில் போன்ற முதல் வகைக் காரை எடுத்துக் கொள்வோம். கையுறையும் கண் கவசமும் அணிந்து கொள்ளுங்கள். உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். முதலில் துடைப்பான் கைகளைக் கழற்றி விடுங்கள். காரைச் சிறிது நேரம் வெயிலில் நிறுத்தினால் இரப்பர் இளகும்.

அலுமினியப் பட்டை இரண்டு துண்டுகளாக இருக்கும். இணையும் இடத்தை ஒரு சிறு மூடி மறைத்திருக்கும். அம்மூடியை நகர்த்திவிட்டு, அங்கிருந்து தொடங்கி, மரத்தாலான ஆப்பினால் சிறிது சிறிதாகப் பட்டையை உயர்த்துங்கள். திருப்புளியால் நெம்பினால் அலுமினியம் மடங்கும். ஒரு முறை மடங்கிய தடத்தை முற்றிலும் நிமிர்த்த முடியாது.

பழைய இரப்பரைக் காப்பாற்ற முயலாதீர்கள். பலர் அதை முழுதாக எடுக்க விரும்பி உள்ளேயிருந்து கண்ணாடியை உதைத்துத் தள்ளி, கண்ணாடியை உடைக்கிறார்கள். வெளிப்புற உதட்டைக் கூரிய கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டால், கண்ணாடியை இருவர் அலுங்காமல் தூக்கி எடுக்கலாம். தூக்கியதை மடித்த கம்பளத்தின் மேல் கிடத்துங்கள். அதன் ஓரம் சிமெண்டுத் தரையில் படக் கூடாது. உரமூட்டிய கண்ணாடியைப் பற்றி முன்பு சொன்னதை நினைவுகூருங்கள்.

இனி வருவதுதான் முதன்மையான வேலை. விளிம்பிலுள்ள துருவை வெள்ளை எஃகு தெரியும் வரை சுரண்டி எடுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் புதிய தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பட்டி பூசி மறைத்தால் அதனடியில் துரு தொடர்ந்து வளரும். துருத் தடுக்கும் பூச்சும் வண்ணமும் பூசி நன்கு காயவிடுங்கள். இதை ஒழுங்காகச் செய்யாமல் புதிய இரப்பரை மாட்டினால் பழைய கதை மீண்டும் தொடங்கும்.

புதிய இரப்பரை முதலில் கண்ணாடியின் ஓரத்தில் மாட்டுங்கள். அலுமினியப் பட்டையையும் இப்போதே செருகிவிட வேண்டும். கண்ணாடி காரில் அமர்ந்த பிறகு செருகுவது மிகக் கடினம். பிறகு எஃகு விளிம்புக்குரிய காடியில் ஒரு வழவழப்பான கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் கீழ்ப்பக்க நடுவில் ஒன்றையொன்று கடந்து உள்ளே தொங்குமாறு விடுங்கள். காடியிலும் விளிம்பிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். எண்ணெயும் கிரீசும் வேண்டாம். இயற்கை இரப்பரும் எத்திலீன் வகையும் கனிம எண்ணெயில் ஊறி உப்பும்.

வெளியே இருப்பவர் கண்ணாடியைத் திறப்பில் பொருத்தி உள்ளங்கையால் மெல்ல அழுத்தட்டும். உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையை மெதுவாக இழுக்க வேண்டும். கயிறு வெளிவரும்போது இரப்பரின் உதட்டை உயர்த்தி விளிம்பின் மேல் ஏற்றிவிடும். கயிறு எங்கே வருகிறதோ, அந்த இடத்திலேயே வெளியாள் அழுத்த வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டே செய்தால் வேலை எளிது. எங்காவது தடைபட்டால் குத்தாதீர்கள். கயிற்றை நிறுத்தி, சோப்பு நீரைத் தடவி, கண்ணாடியைச் சற்று நகர்த்திப் பாருங்கள். முடிவில் நீரைப் பீய்ச்சி ஒழுகலைச் சோதியுங்கள்.

மினி போன்ற இரண்டாம் வகையில் பூட்டுப் பட்டையை முதலில் உருவ வேண்டும்; கடைசியில் செருக வேண்டும். ஒட்டிய கண்ணாடியை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அதை மெல்லிய எஃகுக் கம்பியால் அறுத்தெடுக்கவும், உரிய பசையால் மீண்டும் ஒட்டவும் பயிற்சி பெற்றவர்களே வேண்டும். பசை சரியாகப் பற்றாத கண்ணாடி, விபத்து நேரும் நாள்வரை குறையைக் காட்டாது.

முதலில் அழிய வேண்டியது

பீட்டில் கார் 2003 ஜூலை வரை மெக்சிகோவில் செய்யப்பட்டது. அம்பாசடர் 2014இல் நின்றது. இனி அவற்றின் உடலைப் புதிதாகச் செய்து தர எந்த ஆலையும் ஓடவில்லை. இருக்கின்ற எஃகுதான் எஞ்சியது. கண்ணாடி நூறாண்டு கிடந்தாலும் கண்ணாடியாகவே இருக்கும். எஃகும் ஈரம் படாமல் காத்தால் நெடுங்காலம் நிலைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இரப்பரின் ஆயுள் மட்டும் குறைவு. ஒவ்வொரு குலுக்கலையும் வெயிலையும் மழையையும் தான் வாங்கிக் கொண்டு முதலில் கெட்டுப் போவதே அதற்கு இடப்பட்ட பணி. கெட்டதும் எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும் என்றே அதை அமைத்தவர்கள் எண்ணினர். "இன்னும் ஓர் ஆண்டு போகட்டும்" என்று நாம் தள்ளிப் போடும்போது, மாற்றக் கூடிய இரப்பருக்காக மாற்ற முடியாத எஃகை இழக்கிறோம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பழைய கார் நிற்கிறதா? நாளை காலை அதன் முன்கண்ணாடியின் கீழ் மூலைகளுக்கு அருகே சென்று, இரப்பரை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத் தடம் உடனே மறைந்தால் நல்லது. மரம்போல் விறைத்திருந்தாலோ, குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலோ, அடுத்த மழைக்காலத்துக்கு முன் உரியவரிடம் சொல்லிவிடுங்கள்.